பக்கிரியின் தோளும் பதினேழாம் நம்பர் டோக்கனும்

"செத்தாலும் சரி, ஜி.எச். வரிசையில நிக்கமாட்டேன்!" என்று பக்கிரி கையை ஓங்கிச் சத்தியம் செய்தார். ஓங்கியது இடது கை. வலது கைதான் ஒரு மாதமாகத் தோளோடு மக்கர் பண்ணுகிறதே! பீங்கான் பட்டறையில் பொம்மை அச்சு தூக்குகிற கை அது. அது எழும்பாவிட்டால் வீட்டில் உலை கொதிக்காது.

"நானென்ன இளிச்சவாயனா? பிரைவேட்டுக்குப் போறேன். ஏசியில உக்காந்து அரை மணி நேரத்துல பாத்துட்டு வரேன்!"

"தாராளமா போயிட்டு வாங்க" என்றாள் மனைவி அமுதவள்ளி.

அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் மறுபேச்சில்லாமல் தலையாட்டியது இதுதான் முதல் தடவை.

கிளினிக்கில் டோக்கன் பதினேழு. ஏசி ஜில்லென்று இருந்தது. டாக்டர் நாற்காலிதான் காலி.

"டாக்டரு எங்கம்மா?"

"வந்துகிட்டே இருக்காரு சார்."

ஒன்பது மணிக்கும் வந்துகொண்டே இருந்தார். பத்தரைக்கும் வந்துகொண்டே இருந்தார். பதினொன்றரைக்குப் பக்கிரிக்கு மண்டை காய்ந்துவிட்டது.

"ஏம்மா, ஜங்ஷன்ல ரயிலு லேட்டுன்னாகூட எத்தினி மணி நேரம்னு மைக்குல சொல்றாங்க. இவரு எந்த ஸ்டேஷனத் தாண்டியிருக்காரு?"

"ஜி.எச்.ல இருக்காரு சார். அங்க டூட்டி முடிச்சாதான் இங்க."

பக்கிரிக்குச் சுர்ரென்று ஏறியது. டோக்கனைக் கசக்கி எறிந்தார்.

"அவரு என்னாத்துக்கு வரணும்? நானே போறேன்! எவன் தடுக்குறான்னு பாக்குறேன்!"

ஆட்டோ பிடித்து ஜி.எச்.சில் இறங்கியவர், எலும்பு டாக்டர் அறைக் கதவைப் பார்த்து நேரே நடந்தார்.

"யோவ், வரிசையில வாய்யா!" என்று வரிசையில் நின்ற ஒருவர் கத்தினார்.

"நிக்கமாட்டேன்! என்னா பண்ணுவ?"

"நிக்க வேணாங்க. இப்பிடி வாங்க."

பொம்பளைங்க வரிசையில் முதல் ஆளாக அமுதவள்ளி! கையில் பக்கிரி பேர் போட்ட ஓ.பி. சீட்டு.

"நீ எப்பிடி இங்க?"

"எட்டு மணிக்கே வந்துட்டேன். உங்களக் கூட்டியாந்தா எல்லாரோடயும் மல்லுக்கு நிப்பீங்க. அதான் நம்ம முறை வர்ற வரைக்கும் ஏசியில உக்காரட்டும்னு வுட்டேன். இப்பதான் போன் போட இருந்தேன்."

டாக்டர் தோளைத் திருகிப் பார்த்தார். ஊசி போட்டு, மாத்திரை எழுதி, "ஒரு மாசத்துல சரியாயிடும்" என்றார். எல்லாம் பத்தே நிமிஷம். வெளியே வந்த பக்கிரி நெஞ்சை நிமிர்த்தினார்.

"பாத்தியா? சொன்ன சொல்லக் காப்பாத்திட்டேன். வரிசையில நிக்கவேயில்ல!"

"ரோஷக்காரருங்க நீங்க! மாத்திரை குடுக்குற எடத்துல பொம்பளைங்க வரிசை ரொம்ப நீளமா இருக்குது. ஆம்பளைங்க வரிசையில நாப்பது பேருதான். போயி நில்லுங்க, நான் வூட்டுக்குப் போயி சோறாக்குறேன்."