என் முகத்துக்குப் பின்னால் ஒட்டப்பட்ட சம்பந்தியம்மா

என் சகோதரி மகன், அன்பு மருமகன் கேஷாவுக்கு,

கொஸ்த்ரோமாவிலிருந்து மாமா சவேலி எழுதுவது. நான் நலம். உன் அத்தை ரிம்மாவின் நலத்தை யாரொஸ்லாவ்லில் இருக்கும் அவள் தங்கையிடம்தான் விசாரிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அங்கே போனவள் இன்னும் திரும்பவில்லை. போகும்போது வெள்ளரி ஊறுகாய் ஜாடிகளையும் எடுத்துக்கொண்டு போனாள் என்றால் கோபத்தின் ஆழத்தை நீயே அளந்துகொள். நீ இப்போதெல்லாம் போனை எடுப்பதில்லை, ஆகவே கடிதம். மாஸ்கோவில் குளிர் எப்படி? சினிமாப் படிப்பு எப்படி? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் உலியானாவின் கல்யாணத்தை நீ படம் பிடித்து, வெட்டி, ஒட்டி, குடும்பத்துக்கு அன்பளிப்பாக அனுப்பினாய். நன்றி. ஆனால் படம் பிடிக்கும் முன் நீ ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும். நான் லிஃப்ட் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். முன்பின் தெரியாதவர்களோடு ஒரு பெட்டிக்குள் நின்று மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருப்பது என் உத்தியோகம். அதனால் எனக்கு ஒரே முகம்தான் உண்டு. சந்தோஷத்துக்கும் அதுதான், பல்வலிக்கும் அதுதான். கல்யாணத்துக்கும் அதையே கொண்டு வந்தேன், வேறு கைவசம் இல்லை. நீ என்னைப் படம் பிடித்த நேரத்தில், மண்டபத்து லிஃப்ட் மேலே போகும்போது ஏன் கனைக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

படம் பார்க்க அண்டைவீட்டு பொர்ஃபிரியையும் அவன் மனைவியையும் அழைத்திருந்தோம். முதலில் என் முகம் வந்தது, அடுத்து ஒரு தட்டு இறைச்சி ஜெல்லி. "பாவம், மனுஷன் பசியோட நிக்கிறார்," என்றாள் உன் அத்தை. மறுபடி என் முகம், அடுத்து உலியானாவின் முக்காடு. "மகளைப் பிரியணுமேன்னு உருகுறார்," என்று பொர்ஃபிரியின் மனைவி மூக்கைச் சிந்தினாள். எனக்குள் இவ்வளவு பெரிய நடிகன் இருப்பது தெரியாமல் லிஃப்டில் வாழ்க்கையைக் கழித்துவிட்டேனே என்று நானே கொஞ்சம் உருகினேன். மூன்றாம் முறையும் அதே முகம். அடுத்து, திரை நிறைய மாப்பிள்ளையின் தாயார், நம் சம்பந்தியம்மா எலியனோரா, தோட்டைச் சரிசெய்தபடி புன்னகைக்கிறார். பின்னணியில் மண்டபமே கத்துகிறது: "கசக்குது! கசக்குது!" அப்படிக் கத்தினால் பெண்ணும் மாப்பிள்ளையும் முத்தமிட்டு இனிப்பாக்க வேண்டும் என்பது நம் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அவர்கள் கத்தியது உலியானாவுக்கும் மாப்பிள்ளை க்ளேபுக்கும். நீ அந்தச் சத்தத்தை மட்டும் உருவியெடுத்து என் தலையிலும் சம்பந்தியம்மா தலையிலும் கொட்டிவிட்டாய்!

"யாருக்குக் கசக்குதாம்?" என்று கேட்டாள் உன் அத்தை.

"எனக்கென்ன தெரியும்? நான் லிஃப்டைப் பத்தி யோசிச்சிட்டிருந்தேன்."

"லிஃப்ட் காதுல தோடு போட்டிருந்துச்சா?"

அதோடு விட்டாயா? என் வாழ்த்துரையின் நடுவில் ஒரு வாத்து வந்து கத்துகிறது. மண்டபத்தில் வாத்தே கிடையாது. பிறகு நான் நடைபாதையில் நடக்கிறேன், சம்பந்தியம்மா நடக்கிறார், நான், அவர், நான், அவர், துண்டுகள் குட்டையாகிக்கொண்டே போகின்றன, பொர்ஃபிரி நாற்காலி விளிம்புக்கே வந்துவிட்டான். நான் போனது கழிப்பறைக்கு. அந்த அம்மா போனது வெகுநேரம் கழித்து, சால்வை எடுக்க. ஆனால் உன் படத்தில் ஒரு கதவு மூடுகிறது, உடனே வோல்காவில் பனிக்கட்டி உடைந்து வெள்ளம் பெருகுகிறது! கல்யாணம் நடந்தது ஆகஸ்டில் என்பதை யாரும் கேட்கவில்லை. உன் அத்தை டிவியை அங்கேயே அணைத்துவிட்டாள்.

அன்று போனில் நீ சொன்ன பதில் எனக்கு மனப்பாடம். "மாமா, இது என் கண்டுபிடிப்பு இல்ல. நூறு வருஷத்துக்கு முந்தியே நம்ம சினிமா ஆளுங்க செஞ்சு பார்த்தது. ஒரே முகம், பக்கத்துல சூப்பை ஒட்டினா பசி, சவப்பெட்டியை ஒட்டினா துக்கம், பொண்ணை ஒட்டினா ஆசை. முகம் நடிக்கவே இல்ல, பார்க்கிறவங்கதான் நடிக்கிறாங்க. இன்னிக்கு சோப்பு விளம்பரம்கூட இப்படித்தான் வெட்டுறாங்க."

"அப்போ எனக்குச் சவப்பெட்டியை ஒட்டியிருக்கலாமேடா!"

"கல்யாணத்துல சவப்பெட்டி கிடைக்கல மாமா."

"வாத்து மட்டும் கிடைச்சுதா?"

"அது ஒப்புமை."

உன்னை நம்பாமல் நூலகத்துக்குப் போய்ப் படித்தேன். நீ சொன்னது உண்மை, அதுதான் வருத்தம். இரண்டு இடங்களை மாற்றி மாற்றிக் காட்டினால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது என்று ஜனங்கள் நம்புவார்கள் என்பதை ஊமைப்பட ஆட்களே கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று ஆஸ்பத்திரித் தொடரிலிருந்து கால்பந்து வரை அதையே பின்பற்றுகிறார்கள். இரண்டு துண்டுகளை ஒட்டினால் இரண்டிலும் இல்லாத மூன்றாவது ஒன்று பிறக்கும் என்றும் எழுதியிருக்கிறது. என் விஷயத்தில் பிறக்கவிருப்பது விவாகரத்து.

சரி, விஞ்ஞானத்தை விஞ்ஞானத்தால்தான் வெல்ல வேண்டும் என்று வீட்டிலேயே பரிசோதனை வைத்தேன். புத்தி கெட்டுப்போச்சுடா கேஷா. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே பொர்ஃபிரி சூப்புக் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்தான். "பசி தெரியுதா ரிம்மா?" "தெரியுது." அடுத்து, சவப்பெட்டிக்குப் பதில் உருளைக்கிழங்குப் பெட்டி. "துக்கம் தெரியுதா?" "தெரியுது, பாதிக்குமேல அழுகலாச்சே." வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல், "இப்ப நீயே எதிர்ல வந்து நில்லு," என்றேன். நின்றாள். நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பொர்ஃபிரி மெதுவாகப் பெட்டியைக் கீழே வைத்தான்.

"சூப்பைப் பாத்தா பசி தெரியுது. கிழங்கைப் பாத்தா துக்கம் தெரியுது. என்னைப் பாத்தா ஒண்ணுமே தெரியலையே சவேலி," என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. உள்ளே போய் ஜாடிகளை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். "பயப்படாதீங்க சம்பந்தி. நான் தனியா இருக்கேன்தான், ஆனா என் ரசனை அவ்வளவு மோசமில்ல," என்றார். அந்த ஆறுதலை உன் அத்தையிடம் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. வாத்தை எடு. பனிக்கட்டியை எடு. "கசக்குது" சத்தத்தை அதற்குரியவர்களிடம் திருப்பிக் கொடு. என் முகம் வரும் இடத்திலெல்லாம் அடுத்து உன் அத்தையை ஒட்டு, யாரொஸ்லாவ்லுக்கு அனுப்பு. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று குடும்பத்தை ஆக்கியவன் நீ. ஒட்ட வேண்டியவனும் நீதான். எனக்கு அந்தத் தொழில் தெரியவில்லை. வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறதுடா.

உன் கண் கூர்மையாக இருக்கட்டும், உன் கத்தரி கொஞ்சம் மழுங்கட்டும் என்று ஆசீர்வதிக்கும்,
மாமா சவேலி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் உன் அத்தை வந்துவிட்டாள். தங்கைக்கும் நீ அனுப்பியிருந்த படத்தை அங்கே முழுசாகப் பார்த்தாளாம். கடைசியில் அவள் பாடுகிறாள், அடுத்து என் முகம், மறுபடி அவள், மறுபடி என் முகம். "நான் பாடுறப்போ நீங்க அப்படிப் பாத்துட்டிருந்தீங்கன்னு தெரியவே தெரியாதே," என்று கோட்டைக்கூடக் கழற்றாமல் அழுதாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் வெட்டி எறி. படத்தில் ஒரு துண்டையும் தொடாதே, வாத்து உட்பட. அவள் பாடியபோது நான் வெளியே பஸ் டிரைவரோடு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது நம் இருவரோடு இருக்கட்டும். இப்போது சமையலறையில் அதே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறாள். இந்தத் தடவை நேரில் போய் உட்காரப் போகிறேன். ஒட்டுவதற்கு நீ பக்கத்தில் இல்லையே.