நிரம்பாத டிஸ்க்

பீடோர்ப் பக்கம் பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்று செம்பனைக் காடாகிப் பல காலம். அந்தக் காட்டுக்குள் சனிக்கிழமையானால் கார் நிறுத்த இடம் கிடையாது. கிளினிக்காரர், டியூஷன் சென்டர்காரர், கணக்கு ஆபீஸ்காரர் எல்லாரும் தேங்காய் பழத்தோடு வரிசையில் நிற்பார்கள். வேண்டுதல் ஒன்றுதான்: "சாமி, சர்வர்ல இடம் பத்தல!"

அங்கே குடியிருக்கும் டிஸ்க் சாமி கண்ணை மூடுவார். திருநீறு பூசிய கறுப்புப் பெட்டியை நீட்டுவார். அட்சய டிஸ்க்! எவ்வளவு போட்டாலும் நிரம்பாது. தட்சணை எவ்வளவு என்று கேட்பது அபசாரம். குறைத்துக் கொடுப்பது அதைவிடப் பெரிய அபசாரம். ஒரே நிபந்தனை, போட்டதைத் திறந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் சக்தி இறங்கிவிடுமாம். பிறகு எதற்குப் போடுவது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பக்தி குறைந்துவிடாதா?

சிலிபினில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஜெயபாலனும் ஒன்று வாங்கினார். அவரிடம் எடிட்டிங் செய்யும் மெலிண்டா முன்பே தலைப்பாடாக அடித்துக்கொண்டாள்.

"அண்ணே, மாசத்துக்கு எத்தன கல்யாணம், ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு இடம்னு பார்த்து டிஸ்க் வாங்கணும். எதுக்கும் ரெண்டு காப்பி வேணும். ஒண்ணு வேற எடத்துல இருக்கணும்."

ஜெயபாலனுக்குத் தலை சுற்றியது. சாமி வழியில் கணக்கே இல்லை. அதனாலேயே அது அவருக்கு ஞானமாகப்பட்டது.

சர்வரில் இருந்தவையெல்லாம் டிஸ்க்குக்குக் காப்பியாகிப் போயின. முதலில் போனவை அவருடைய சொந்தக் கல்யாணப் படங்கள். மனைவி தினேஸ்வரிக்கு அவைதான் உயிர். போன வருஷம் கண்ணை மூடிய அவள் அப்பா அவற்றில்தான் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். சர்வரைத் தவிர வேறு காப்பி கிடையாது.

வெள்ளிக்கிழமை, நல்ல நேரத்தில், ஸ்டுடியோவில் சர்வரைக் காலி செய்யும் பூஜை. சாமியே எழுந்தருளினார். தரிசனத்துக்கு அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் குவிந்தார்கள். சர்வருக்கு மாலை போட்டு எலுமிச்சம்பழம் கட்டினார்கள்.

"அழிம்மா," என்றார் ஜெயபாலன்.

"அழிக்கிறேன் அண்ணே. அதுக்கு முன்னாடி உங்க கல்யாணப் படம் ஒண்ணே ஒண்ண அந்த டிஸ்க்ல இருந்து தெறந்து காட்டுங்க லா."

"தெறந்தா சக்தி போயிரும் மகளே!" என்று சாமி பதறினார்.

"போனா போகட்டும் சாமி. சர்வர்ல இன்னும் எல்லாம் பத்திரமா இருக்கே."

தினேஸ்வரி முன்னால் வந்தாள்.

"என்னங்க, எங்கப்பாவ ஒரு தடவ பார்த்துட்டு அழிங்க."

அதற்கு மேல் மறுக்க ஜெயபாலனுக்கு மனம் வரவில்லை. டிஸ்க்கைத் திறந்தார்கள். படங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. முதல் படம் திறக்கவில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவது பாதி சாம்பலாகத் திறந்தது. மீதிப் பாதியில், போன வாரம் சிம்பாங் பூலாயில் எடுத்த கல்யாணப்பெண் கேக் தின்றுகொண்டிருந்தாள்.

"யாருங்க இவ? நம்ம கல்யாணத்துல?"

"பூர்வஜென்மத் தொடர்பு," என்றார் சாமி.

மெலிண்டா திருப்புளி எடுத்துப் பெட்டியைப் பிரித்தாள். உள்ளே கைபேசியில் போடும் சின்ன மெமரி கார்டு ஒன்று. எடைக்கு இரும்பு நட்டுகள்.

"இந்தக் கார்டு, நெறைய எடம் இருக்குன்னு பொய் சொல்லும் அண்ணே. ரொம்பினதும் பழசு மேலயே புதுச எழுதிரும். அதான் ரொம்பவே இல்ல."

"ஹாபிஸ் லா, எல்லாம் போச்சு!" என்று தரிசனத்துக்கு வந்திருந்த கிளினிக்காரர் தேவன் நாற்காலியில் சரிந்தார். "நான் சர்வர போன மாசமே அழிச்சிட்டேனே!"

ஜெயபாலன் சர்வரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு விரல் தட்டியிருந்தால் மாமனாரின் சிரிப்பு போயிருக்கும். அதன் மாலையைக் கழற்றிக் குப்பையில் போட்டார். "மெலிண்டா, எத்தன டிஸ்க் வேணும்னு சொல்லும்மா," என்றார்.

நழுவப் பார்த்த சாமியைக் கூட்டம் வாசலில் மடக்கியது. சாயங்காலம் போலீஸ் அவர் வீட்டைச் சோதித்தது. சாமியின் உண்மைப் பெயர் பத்துமலை. முந்தைய தொழில், தண்ணீர் ஃபில்டர் விற்பனை. ஏமாந்தவர்களின் விவரங்களை அவன் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தான் தெரியுமா? கடையில் வாங்கிய நல்ல டிஸ்க்கில், இரண்டு காப்பி. ஒன்று தம்பி வீட்டில்.

பக்தனுக்குத்தான் அட்சய டிஸ்க். சாமிக்கு எப்போதும் கணக்குத்தான். இனியாவது, திறந்து பார்க்காதே என்று ஒருவன் சொன்னால், அதைத்தான் முதலில் திறந்து பாருங்கள்.