சால்னாவில் விழுந்த பல்லி

"எவன் போன் பண்ணதுன்னு எனக்குத் தெரிஞ்சாவணும்!"

முதலாளி சிக்கந்தர் பாட்சா கல்லாவுக்கு முன்னால் நின்று கத்தியபோது, சப்ளையர் சவுரிராயன் ஜன்னலோர மேசையில் ஒருவருக்குத் தயிர்ப் பச்சடி வைத்துக்கொண்டிருந்தான். பச்சடி இலைக்குப் போகாமல் அவருடைய சட்டைப் பைக்குள் இறங்கியது.

"சார், மன்னிச்சுக்கங்க சார்."

"பரவால்லப்பா. கடைக்குள்ள வேற யாரையோ தூக்கில போடப்போறாங்க போல. நீ ஏன் நடுங்குற?"

நடுங்காமல் என்ன செய்வான்? போன் செய்தது அவன்தான்.

திண்டிவனம் பைபாஸில் இருக்கிற ஹோட்டல் குல்சாரில் வேலை நேரம், லீவு சம்பந்தமாக ஒரு புகார் வந்திருக்கிறது, இன்றைக்கே நேரில் வருகிறேன் என்று விழுப்புரத்திலிருந்து தொழிலாளர் துறை ஆபீசர் அம்மா ஒருவர் சற்று முன்புதான் பேசியிருந்தார். அதிலிருந்து பாட்சா பாய் தரையில் கால் பாவாமல் குதித்துக்கொண்டிருந்தார்.

சவுரிராயன் கேட்டது ஒரே ஒரு நாள் லீவு. கல்லறைத் திருநாளுக்கு. மனைவி அமலா போய்ச் சேர்ந்தபின் வருகிற முதல் கல்லறைத் திருநாள். பெருமுக்கல் ரோட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அவள் இருக்கிற இடத்தில் புல்லைச் செதுக்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஆசைப்பட்டான். அவள் உயிரோடு இருந்தபோது உட்கார நேரம் கிடைத்ததில்லை.

"கடைக்கே லீவு கெடையாது. மனுஷனுக்கு எப்படிப்பா லீவு?" என்று கேட்டுவிட்டார் பாய்.

அன்றைய ஆத்திரத்தில், பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த தொழிலாளர் துறை நம்பருக்கு அடித்து ஓட்டல் பெயரைச் சொன்னான். "உங்க பேரு?" என்று எதிர்முனையில் கேட்டதும் போனை வைத்துவிட்டான். அவ்வளவுதான் அவன் செய்த புரட்சி.

அந்தப் புரட்சிதான் இப்போது விழுப்புரத்திலிருந்து கார் ஏறி வருகிறது. அகப்பட்டால் வேலை போகும். இந்த வேலை போனால் வேறு வேலையும் கிடைக்காது. ஓட்டல் முதலாளிகளுக்கென்று ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. அவன் போட்டோவை ஒரு தட்டுத் தட்டினால் விழுப்புரம் வரைக்கும் ஒரு கையேந்தி பவன்கூட அவனைத் தண்ணீர் வைக்கச் சேர்க்காது.

தன்மேல் சந்தேகம் வராமல் இருக்க ஒரே வழி, எல்லோரையும்விடச் சத்தமாகக் கோபப்படுவது என்று அவனுக்குத் தோன்றியது.

"உடக்கூடாது பாய்! துன்ற சோத்துல மண்ணு அள்ளிப் போட்டவன கண்டுபுடிச்சே ஆவணும்!"

பாய் அவனைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"நீ ஒருத்தன்தாம்பா விசுவாசி. ஒண்ணு பண்ணு. எல்லார் போனையும் வாங்கியாந்து கல்லா மேல வையி. எவன் போன்ல விழுப்புரம் நம்பர் இருக்குதுன்னு நானே பாத்துடுறேன். உன்னுதையும் சேத்து வெச்சிடு, நாளைக்கு எவனும் ஒண்ணும் சொல்லக்கூடாது பாரு."

அந்த நம்பர் இன்னும் சவுரிராயனின் போனில்தான் இருந்தது.

அந்த நேரத்தில் பாயின் மனைவி குல்சும் பீவி தூக்குச்சட்டியோடு உள்ளே வந்தார். பாய்க்குச் சர்க்கரை. கடையில் எத்தனை அண்டா பிரியாணி வெந்தாலும் அவருக்கு வீட்டிலிருந்து கேப்பைக் களிதான்.

"என்னங்க, சாப்ட்டுட்டுக் கத்துங்க. களி ஆறுது."

"எனக்கு உயிரு போய்க்கினு இருக்குது, உனக்குக் களி ஒரு கேடா?"

பீவி தூக்குச்சட்டியோடு ஓரத்து மேசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சவுரிராயன் போன்களை வாங்கும் சாக்கில் சமையற்கட்டுக்குள் நுழைந்தான். சால்னா அண்டாவுக்குப் பின்னால் ஒதுங்கித் தன் போனை எடுத்தான். அந்த நம்பரை அழித்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பயந்த விரல் அழிக்கிற இடத்தில் படவில்லை, கூப்பிடுகிற இடத்தில் பட்டது. பதறித் தடவியதில் ஸ்பீக்கரும் போட்டுக்கொண்டது. ரிங் போனது. நிறுத்தத் தெரியாமல் குலுக்கினான்.

"வணக்கம், தொழிலாளர்..." என்று ஆரம்பித்தது போன்.

கை தானாக விரிந்தது. மிச்ச வார்த்தைகள் சால்னாவுக்குள் முழுகின.

பரோட்டா மாஸ்டர் வேங்கடேசன் திரும்பிப் பார்த்தான்.

"இன்னாண்ணே வுழுந்திச்சு?"

"பல்லி."

"பல்லி வணக்கம் சொல்லுமாண்ணே?"

"டேய், உன் கால்ல வேணா வுழறேன். கம்முனு இரு."

வேங்கடேசன் கம்மென்றுதான் இருந்தான். ஆனால் பல்லி என்ற சொல் அதற்குள் பாத்திரம் கழுவும் இடத்தைத் தாண்டி, குடும்ப அறையைத் தாண்டி, கல்லாவுக்குப் போய்விட்டது. பாய் ஓடி வந்தார்.

"ஆபீசரு வர்ற நேரத்துல பல்லியா! எவ்ளோ பெரிசு?"

"இதோ... இந்த அளவு பாய்" என்று சவுரிராயன் கையை விரித்துக் காட்டினான். பயத்தில் அது உடும்பு அளவுக்குப் போய்விட்டது.

"யா அல்லா! வேங்கடேசா, ஜல்தி. வெளிய எட்த்துப் போடு. அப்புறம் அண்டாவோட கொட்டிடு."

வேங்கடேசன் நீளக் கரண்டியை விட்டுத் துழாவினான். சவுரிராயன் கண்ணை மூடிக்கொண்டான். கரண்டி ஏதோ கெட்டியான பொருளில் தட்டிய சத்தம் கேட்டது.

"பாய், இந்தப் பல்லிக்கு சிம் கார்டு இருக்குது."

கறிவேப்பிலையும் எண்ணெயும் வழிய, போன் பாயின் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது.

"இது உன்னுதாச்சே சவுரி?"

"கை தவறிடிச்சு பாய்."

"அப்பறம் ஏன் பல்லின்னு சொன்ன?"

நல்லவேளையோ கெட்டவேளையோ, வாசலில் கார் நின்றது.

பாய் பல்லைக் கடித்தார். "ஆபீசரு போவட்டும், உன்ன வெச்சிக்கிறேன். இப்ப அவங்க இன்னா கேட்டாலும் நீதான் பதில் சொல்லணும். உன் மூஞ்சிதான் பாக்கப் பாவமா இருக்குது. நல்லவிதமா சொல்லு, புரியுதா?"

ஆபீசர் கலைப்பிரியா சின்ன வயதுக்காரர். அதட்டவில்லை, மிரட்டவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். அதுதான் சவுரிராயனை இன்னும் நடுங்க வைத்தது.

"உங்களுக்கு வார லீவு உண்டா?"

"உண்டு மேடம். ரெண்டு நாள்."

பாய் இருமினார்.

"ரெண்டு நாளா?"

"ஆமா மேடம். அது இல்லாம ரம்ஜான், பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ். ஒடம்பு சரியில்லன்னா பாயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போவாரு. பழம்லாம் வாங்கிக் குடுப்பாரு."

பாய் இன்னும் பலமாக இருமினார்.

"போன வாரம் எந்த ரெண்டு நாள் லீவு எடுத்தீங்க?"

"ஞாயிறு, திங்கள்."

சட்டையில் பச்சடி பட்டவர் கை கழுவிவிட்டு அந்தப் பக்கமாகப் போனார். "ஞாயித்துக்கெழம நீதானேப்பா எனக்கு நல்லி எலும்பு வெச்ச?" என்று சொல்லிவிட்டு, சுண்டுவிரலால் பல்லைக் குடைந்தபடி வெளியேறினார்.

மேடம் சிரிக்கவில்லை.

"வேலை நேரத்துல உட்கார நாற்காலி இருக்கா?"

"இதோ மேடம், இதுதான் என் நாற்காலி" என்று பக்கத்தில் கிடந்ததை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்த உடனே எங்கிருந்தோ "தண்ணி!" என்று குரல் வந்தது. சவுரிராயன் எழுந்ததே அவனுக்குத் தெரியாது. ஜக்கோடு பாதித் தூரம் போனபிறகுதான் நினைவு வந்தது.

ஆபீசர் டம்ளரை மேசையில் வைத்தார்.

"புகார் சொன்னவங்க பேரை நான் சொல்ல மாட்டேன். என்ன சொன்னாங்கன்னு மட்டும் சொல்றேன். இந்தக் கடையில ஒருத்தர் விடியறதுக்கு முன்னால வர்றார், பூட்டின பிறகுதான் போறார். லீவே கிடையாது. நாள் முழுக்க நின்னு நின்னு கால் ரெண்டும் வீங்கிப் போச்சு. மத்தியானச் சோறு சாயங்காலம்தான். வீட்டுல ஒரு நல்லது கெட்டதுக்குக்கூட முழுசா இருந்ததில்ல."

கடையில் அத்தனை பேரின் பார்வையும் மெதுவாகக் கீழே இறங்கி, சவுரிராயனின் கால்களில் நின்றது. அந்தக் கால்கள் செருப்பின் வாரை மீறிப் புடைத்திருந்தன. அவற்றை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் ஒன்றின்பின் ஒன்றை வைத்துப் பார்த்தான்.

நான் ஓட்டல் பெயரை மட்டும்தானே சொன்னேன், இதெல்லாம் இவர்களுக்கு எப்படித் தெரியும்?

"வீட்டுக்குப் போனாலும் நிம்மதி இல்லையாம்" என்றார் ஆபீசர். "தூக்கத்துல, ரெண்டு கொத்து பார்சல், ஒரு ஆம்லெட்டுன்னு ஆர்டர் சொல்றாராம்."

சவுரிராயன் தூக்கத்தில் ஆர்டர் சொல்வான். அது இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். "பார்சல் கட்டியாச்சு, தூங்குங்க" என்று இருட்டில் அவன் நெஞ்சில் தட்டிக்கொடுப்பவள். அவள் பெருமுக்கல் ரோட்டில் படுத்திருக்கிறாள்.

அங்கிருந்து எழுந்து வந்தா சொன்னாள்?

அதற்குமேல் அவனால் நிற்க முடியவில்லை.

"நான்தான் பாய்! போன் பண்ணது நான்தான். அவ மேல ஒரு தப்பும் இல்ல!"

"எவ மேல?"

"அமலா மேல. கல்லறைத் திருநாளுக்கு லீவு கேட்டேன், நீங்க குடுக்கல. அதான் பாய். ஓட்டல் பேரை மட்டும்தான் சொன்னேன், வெச்சிட்டேன். மீதிய அவ எப்படிச் சொன்னான்னு எனக்குத் தெரியல பாய்."

ஆபீசர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பேரைச் சொல்லக்கூடாது என்பதாலோ என்னவோ, மூடிக்கொண்டார். வேங்கடேசன் பரோட்டாக் கல்லின் தீயைக் குறைத்தான்.

பாட்சா பாயின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. "என் கடையில நின்னுக்கினே எனக்குக் குழி வெட்டினியா சவுரி? போதும்ப்பா. நாளையிலேர்ந்து நீ வராத."

சவுரிராயன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தான்.

ஓரத்து மேசையில் குல்சும் பீவி எழுந்து நின்றார்.

"சவுரிண்ணன ஏன் போவச் சொல்றீங்க? மேடம், நீங்க சொன்ன அந்த ஆளு அவரு இல்ல, இதோ கத்திக்கினு நிக்கிறாரே எங்க பொண்ணு பெனாசிரோட அத்தா, இவருக்குத்தான் வாரத்துல ஒரு நாளாவது லீவு வாங்கிக் குடுங்கன்னு நான் போன் பண்ணேன்."