நடுரோட்டில் ஒரு பிரசவ கேஸ்

ஆம்பளைப் பிரசவத்தைப் பற்றி நடுரோட்டில் பேசிவிட்டு உதை வாங்காமல் திரும்பிய மனிதர் தஞ்சை ஜில்லாவிலேயே ஒருவர்தான்: எங்கள் கல்லூரி விலங்கியல் பேராசிரியர், குதிரை சார்.

கடல்குதிரையில் குட்டிகளை வயிற்றுப் பையில் சுமந்து பெறுவது ஆண். இது அவருக்குத் தலைக்கேறியிருந்தது. மனைவியைத் தலைப்பிரசவத்துக்கு அனுப்பிவிட்டு வந்த கணக்குப் பேராசிரியரிடம், "அப்ப நீங்க சும்மாத்தான் இருக்கீங்களா?" என்று கேட்டவர். எதிரே யார் வந்தாலும் முதலில் கன்னத்தைப் பார்ப்பார். கன்னத்து முள்ளை வைத்துக் கடல்குதிரை இனங்களைப் பிரித்துப் பிரித்து வந்த பழக்கம்.

வேதாரண்யம் வலைகளில் ஓர் அபூர்வ இனம் சிக்குகிறது என்பது அவர் கட்சி. ஆனால் அவர் மியூசியத்துக்கு அனுப்பிய காய்ந்த உடல்களில் முட்கள் ஒடிந்திருந்தன. 'சாதாரண வகையே' என்று அங்கிருந்து பதில் வந்தது. முள் ஒடியாத ஒன்று உயிரோடு கிடைத்தால்தான் அவர் பேச்சு எடுபடும்.

கிடைத்தது. பை உப்பிய ஆண். கடல்நீர் நிரப்பிய கண்ணாடி ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறினார். ஆய்வுக்கூட உதவியாளனான நான் சைக்கிள் பம்பால் அதற்குக் காற்றடித்துக்கொண்டே வந்தேன்.

திருத்துறைப்பூண்டிக்கு முன் மறியல். ஆட்சி மாறியும் நிலத்துக்கும் கூலிக்குமான சண்டை ஓயாத காலம். நடவுப் பெண்கள் சாலையை அடைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஜாடி நீர் சூடேறியது; கடல்குதிரை துவண்டது. சார் ஜாடியோடு இறங்கி ஓடினார்.

"பிரசவ கேஸும்மா, வழி விடுங்க!"

"பிரசவம்னா விடுறோம். பொம்பளை எங்க?" என்றார் முன்வரிசை அம்மாள்.

"இந்தா, ஜாடியில. ஆம்பளை."

"ஏங்க, வெயிலு மண்டையில ஏறிடுச்சா?"

அந்த நேரம் பார்த்துப் பையிலிருந்து நூல்துண்டு போல ஒரு குட்டி வெளியே துள்ளியது. பின்னாலேயே இன்னொன்று.

"அடியே, நெசமாத்தான் பெறுது! பொண்டாட்டி எங்கங்க?"

"கடல்ல. நிம்மதியா இருக்கும்."

"கொடுத்து வச்ச மகராசி! பஸ்ஸ விடுங்கடி, இந்த அப்பன் பொழைக்கட்டும்."

பிழைத்தது. ஆய்வுக்கூடத்தில் வைத்து லென்சில் பார்த்தோம். கன்னத்து முட்கள் இரண்டும் முழுசாக இருந்தன.

"ஸ்பிரிட்ல போட்டு அனுப்பிடலாமா சார்?"

"புள்ள பெத்தவனையாய்யா?"

அதன் உடல் வளையங்களை எண்ணினார், அளந்தார், வரைந்தார். மியூசியத்துக்குப் படம் மட்டும் போனது. நம்பினார்கள், கொஞ்சம் தாமதமாக.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே அப்பனையும் பிள்ளைகளையும் கடலில் விடக் கிளம்பினார். எனக்கு லீவு இல்லை. ஆனாலும் ஏறி, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.