எடுக்கக் கூடாத போன்

மனித உயிரை மதிப்பதில் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் அந்தக் கம்பெனிக்கு ஈடு இணை கிடையாது. "வண்டி ஓட்டும்போது போனைத் தொடாதே" என்று ஆள் உயரப் பலகை வைத்து, அதற்கு ரிப்பன் வெட்டி, கேசரியும் வழங்கிய மகத்தான நிறுவனம் அது.

மேனேஜர் ஜெயராமன் சொல்லச் சொல்ல உறுதிமொழி எடுத்தபோது வேன் டிரைவர் உதயகுமாருக்கு மெய்சிலிர்த்தது. மனைவி நாகவல்லி வருஷக்கணக்கில் கத்தியும் நடக்காததைக் கம்பெனி ஒரே கேசரியில் சாதித்துவிட்டது.

அன்றே, பருத்திப்பட்டு ஏரியருகே போகும்போது போன் அடித்தது. உதயகுமார் தொடவில்லை. அது ஓயவுமில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு எடுத்தார்.

"ஏன்யா, எத்தனை தடவை அடிக்கிறேன்!" ஜெயராமன்தான்.

"ஓட்டிகினு இருந்தேன் சார். இப்பதான் ஓரங்கட்னேன்."

"ஓரங்கட்டினியா? இங்க கம்ப்யூட்டர்ல வண்டி நிக்குதுன்னு செவப்பா காட்டுதே! கிளம்புய்யா!"

"ஓட்டும்போது போன் வந்தா இன்னா சார் பண்றது?"

"எடு. ஆனா பாதுகாப்பா எடு."

இந்த நுட்பமான கலை பலகையில் எழுதப்படவில்லை. வேன் கிளம்பியதும் மறுபடி போன். உதயகுமார் அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே "பாதுகாப்பாக" இடுக்கிக்கொண்டார்.

"ஒண்ணுமில்லப்பா. 'நான் வண்டி ஓட்டும்போது போன் பேசுவதில்லை'ன்னு ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கேன். உடனே 'யெஸ்' போடு. ஹெட் ஆபீஸ்ல கேக்கறாங்க."

யெஸ் போடக் குனிந்தார். நிமிர்ந்தபோது எதிரே கூடையோடு ரோட்டைக் கடக்கும் பூக்காரி தாயம்மாள். பிரேக் கிறீச்சிட்டது. கூடை கவிழ்ந்து சாமந்தி ரோடெல்லாம் சிதறியது. தாயம்மாள் மயிரிழையில் தப்பினாள்.

"கண்ணு இன்னா பொடனியிலயா கீது?"

உதயகுமார் இறங்கிப் பூவைப் பொறுக்க ஆரம்பித்தார். ஸீட்டில் கிடந்த போன் மட்டும், "யெஸ் போட்டியா? ஹலோ?" என்றது.

தாயம்மாள் அதை எடுத்தாள். "இங்க ஒரு உசுரு போயிருக்கும், நைனா. உன் யெஸ் வந்து திருப்பிக் குடுக்குமா?"

லைன் துண்டிக்கப்பட்டது.

மறுநாளே விசாரணைக் குழு கூடியது. தலைவர், ஜெயராமன். ஓட்டும்போது போனை எடுத்த குற்றத்துக்காக உதயகுமாருக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன். போன் செய்தவர் மேல் துளியும் தப்பில்லை என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி ஓடிக்கொண்டிருக்கவில்லையே!