ஆதாரம் மிஸ் முடிவுரை வென்ற படலம்

செம்மையூறும் பேனாவைச் செங்கோலெனத் தாங்கியவளே, வாழி. "எங்கே ஆதாரம்?" என்னும் ஒற்றை வினாவையே வில்லும் கணையுமாகக் கொண்டு, 'எல்லாருக்கும் தெரியும் மிஸ்' என்று பிளிறிவந்த மதகளிறுகளை ஆண்டுதோறும் மண்டியிடச் செய்தவளே, வாழி. பதினோராம் வகுப்புப் பெரும்படை 'ஆதாரம் மிஸ்' என விருதுப்பெயர் சூட்டிய வரலாற்று ஆசிரியையே, நின் போரைப் பாடப் புகுந்தோம். நூலகத்து மின்விசிறியே, சற்று மெல்லச் சுழல்க.

ஆண்டிறுதி ஆய்வுக் கட்டுரையை ஒப்படைக்கக் கடைசி நாள் அது. அன்று மாலைக்குள் தாள் அலுவலகத்தை அடையாதோர் பன்னிரண்டாம் வகுப்பின் வாயிலைக் கனவிலும் மிதியார் என்பது தலைமையாசிரியர் ஆணை. முன்னுரைக் காடு கடந்து, தரவுமலை ஏறி, அடிக்குறிப்பு முட்புதரில் சிராய்ப்புற்று, வீரர் எல்லாரும் கரையேறிவிட்டனர், ஒருத்தி நீங்கலாக. எதைக் கேட்டாலும் 'நாளைக்குத் தரேன் மிஸ்' என்றே ஆண்டு முழுவதையும் ஓட்டியதால் 'நாளைக்கு' என்று பெயர்பெற்ற அந்நங்கை, மூலைக் கணினிமுன் முகம் வாடி வீற்றிருந்தாள். அவள் எடுத்துக்கொண்ட தலைப்போ, 'நம் நூலகப் புத்தகங்கள் ஏன் தாமதமாகத் திரும்புகின்றன?' என்பது. விதிக்கும் குறும்பு உண்டு போலும்.

வகுப்பு வகுப்பாகச் சென்று அவள் திரட்டிய பதில்கள் கைப்பேசியில் மலைபோல் குவிந்திருந்தன. முடிவுரைதான் இல்லை. இல்லை என்பதும் பிழை, ஒன்று இருந்தது. அறிவுச் சமூகம், எண்ணிம யுகம், விழுமியச் சிதைவு என்று தேர், கரி, பரி, காலாள் சூழ அணிவகுத்த அம்முடிவுரையின் கடைவாயிலில், 'மேலும் படிக்க இங்கே அழுத்தவும்' என்ற நீலநிறக் காவலன் காட்டிக்கொடுப்பவனாய் நின்றிருந்தான். கண்சிவந்த ஆசிரியை ஒரு விரலைத்தான் அசைத்தாள். இரவற்படை முழுதும் ஒரே அழுத்தில் மாண்டொழிந்தது. வெண்களத்தில் எஞ்சியது கண்சிமிட்டும் ஒரு கோடு.

அப்போது புறப்பட்டது எதிர்பாராத கணை.

"நீங்களே ஒரு வரி சொல்லுங்க மிஸ். எழுதிடறேன்."

தாழ்ந்த குரலில் வந்த அம்மென்கணை கவசத்தைத் துளைத்தது. வரி நாவின் நுனியிலேயே இருந்தது. சொன்னால் பெண் பிழைப்பாள். சொன்னால் கட்டுரை அவளுடையதன்று. இரக்கமும் நெறியும் இருபுறமும் நின்று வடம்பிடித்து இழுக்க ஆசிரியை தவித்த வேளையில், கூற்றுவன் எனச் சாவிக்கொத்துக் குலுங்க வாயிலில் தோன்றிய அலுவலக எழுத்தர், கட்டுரைகள் சேரும் அலுவலக பீரோவைப் பூட்டப் போவதாக முழங்கினார்.

ஆசிரியை நாவைக் கடித்தாள். நாற்காலி ஒன்றை இழுத்துப் பக்கத்தில் அமர்ந்தாள்.

"எழுத வேணாம். யார் திருப்பித் தரலன்னு மட்டும் சொல்லு."

'நாளைக்கு' திரையையே பார்த்தபடி சொன்னாள். "படிச்சு முடிச்சவங்க உடனே குடுத்துட்டாங்க மிஸ். பிரிச்சே பார்க்காதவங்கதான் குடுக்கல. படிக்காம எப்படித் திருப்பிக் குடுக்கறதுன்னு கூச்சமாம்." சற்றுநேரம் விரல்நகத்தைச் சுரண்டினாள். "எனக்கும் அப்படித்தான். இன்னும் ஆரம்பிக்கலன்னு சொல்லக் கூச்சம். அதான் நாளைக்கு நாளைக்குன்னேன்."

ஓராண்டுச் சினம் அவ்விடத்தே வாளை உறையிலிட்டது. 'சோம்பேறி' என்று தான் மனத்துள் எழுதிவைத்த தீர்ப்புக்கு ஆதாரம் எங்கே என்று ஆதாரம் மிஸ் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

"இப்ப சொன்னதை அப்படியே எழுது," என்றாள்.

விசைப்பலகை முரசென அதிர்ந்தது. பூட்ட வந்த எழுத்தரோ மாணவியின் தோளுக்குமேல் எட்டி வாசித்து, ஏனோ முகம் சிவந்து, சாவிக்கொத்தைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டார். அச்சுப்பொறி முக்கியும் முனகியும் ஈன்ற தாள்கள் இளஞ்சூடு ஆறுமுன்னே பீரோவேறின. பின்னர், பகைவென்று மீளும் வேந்தும் படைத்தலைவியும் போல, தோளிற் பை அம்பறாத்தூணியாய் அசைய, மாலைவெயில் பொற்குடையாய்க் கவிய, ஆசிரியையும் மாணவியும் ஆளொழிந்த முற்றம் அதிர நடந்து பெருவாயிலை அடைந்தனர்.

பஸ் போயிருந்தது.