அனாட்டமிக்குத் துஷ்டி கேட்டவன்

உயிரோடு இருக்கிறவனுக்குத் துக்கம் விசாரிக்கப் போன ஒரே மனிதன் இந்த உலகத்தில் எங்கள் 'துஷ்டி'தான். சாவு வீட்டுக்குப் போய் வருவதை நாஞ்சில் நாட்டில் துஷ்டி கேட்பது என்போம். அதையே பட்டப்பெயராக வாங்கியவன் அவன். ஊர் இராஜாக்கமங்கலம். இந்தப் பக்கம் தமிழ்நாட்டோடு சேராத காலத்தில், திருவனந்தபுரத்தில் என்னோடு டாக்டருக்குப் படித்தான்.

பரீட்சையில் எவன் தோற்றாலும் அவன் வீட்டுக்குப் போய்விடுவான். தோளில் ஒரு துண்டு. சாவு வீட்டு முறைப்படி வணக்கம் கிடையாது, பேச்சு கிடையாது. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்துவிட்டு, "போயிட்டு வாரேன்" என்றுகூடச் சொல்லாமல் எழுந்து நடப்பான். சாவு வீட்டில் அதைச் சொல்லக்கூடாதல்லவா?

சுசீந்திரத்தில் ஒருவன் வீட்டு வாசலில் இப்படி உட்கார்ந்தபோது தெருவே பதறிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் துண்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். ஒரு கிழவி ஒப்பாரியே தொடங்கிவிட்டாள். பையனின் அம்மா கரண்டியோடு வெளியே ஓடிவந்தார்.

"ஏலே, எம் மவன் உள்ள குத்துக்கல்லாட்டம் இருக்கான். யாருக்குலே துஷ்டி கேக்க வந்த?"

"அனாட்டமிக்கு, பெரியம்மை. போயிட்டுல்லா!"

கரண்டி அவன் முதுகில் விழுந்தது. ரிசல்ட் வந்ததிலிருந்து வாயே திறக்காத பையன், உள்ளே விழுந்து விழுந்து சிரித்தான்.

அடுத்துத் தோற்றது நான். அதுவும் இரண்டாம் தடவை. அப்பா தெருவெல்லாம் என்னை டாக்டர் என்றே சொல்லி வைத்திருந்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் என்னிடம் நாக்கை நீட்டிக் காட்டினார்கள். எனக்கோ சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. புத்தகத்தைத் திறக்கவே இல்லை. இனி விடியாமலே போனால் நல்லது என்று தோன்ற ஆரம்பித்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

துஷ்டி வந்தான். அதே துண்டு, அதே குனிந்த தலை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எழும்பிப் போலே! ஒனக்கு எல்லாம் வெளையாட்டா?"

கேலியாகத்தான் பதில் வரும் என்று நினைத்தேன். அவன் கண் கலங்கியிருந்தது.

"எங்கூட ரூம்ல இருந்தவன் முன்ன ஒரு தடவ தோத்தாம்லா. நாம போனா கூச்சப்படுவான்னு ஒருத்தனும் போகல்ல, நானும் போகல்ல. பொறவு எல்லாரும் போனோம். வீடு கொள்ளாத கூட்டம். அவன்தான் இல்ல. அதான் மக்கா, இப்பல்லாம் முன்னாடியே போயிருகேன்."

நான் உடைந்து அழுதேன். மனசில் கிடந்ததையெல்லாம் அவனிடம் கொட்டினேன். பொழுது சாயும்வரை கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"போயிட்டு வாரேன் மக்கா. நாளைக்கும் வருவேன். நீ இருக்கணும், கேட்டியா?"

மறுநாளும் வந்தான். நான் மறுபடி பரீட்சைக்குக் கிளம்பும்வரை வந்துகொண்டே இருந்தான்.

போன மாதம் அவன் காலமானான். தோளில் துண்டோடு போய்க் கூட்டத்தோடு உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கும்போது வாய் நிற்கவில்லை. "போயிட்டு வாரேன் மக்கா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். எல்லாரும் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவனிடம் சொல்லாமல் நான் எப்படி வருவது?